ஈறு நோய்: சிகிச்சையில் என்ன நடக்கும், தேறி வர எவ்வளவு காலம் ஆகும்?

தேக்காவில் வெற்றிலை வாங்குவது இன்றும் சுலபம். கல்யாணத் தாம்பூலத்துக்கு வாங்குவோர் ஒருபக்கம், சாப்பிட்டதும் ஒரு பீடா போட்டுக்கொள்ள வருவோர் இன்னொரு பக்கம். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டிக்கு வெற்றிலைப் பெட்டி இல்லாமல் பொழுது போகாது. அறுபது வயதுக்குள் அவருக்குக் கீழ்வரிசைப் பற்கள் பாதி போய்விட்டன. “வயசாச்சு, விழுது” என்பார். சொத்தை கிடையாது, வலியும் கிடையாது. பல் ஆடும், ஒருநாள் கையோடு வந்துவிடும்.

அது வயதின் வேலையன்று, ஈறு நோயின் வேலை என்று இப்போது தெரிகிறது. சிங்கப்பூரில் 1950களின் பிற்பகுதியிலிருந்தே குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு சேர்க்கப்படுகிறது. அது பற்களைச் சொத்தையிலிருந்து காக்கும். ஈறுக்கு அதனால் பாதுகாப்பு இல்லை. சொத்தையே இல்லாத வாயிலும் பற்கள் ஆடலாம்.

எப்படித் தொடங்குகிறது?

பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிப் படலம் ஒன்று தினமும் படிகிறது. தேய்த்து எடுக்காவிட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்துடன் சேர்ந்து கெட்டியாகிறது. இதுதான் பற்காரை. எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் இதைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது. ஈறு சிவந்து வீங்கி, தேய்க்கும்போது ரத்தம் கசியும். ஜிஞ்ஜிவைட்டிஸ் எனப்படும் இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு முழுமையாகப் பழைய நிலைக்குத் திரும்பும்.

கவனிக்காமல் விட்டால் சிலருக்கு நோய் உள்ளே இறங்குகிறது. ஈறு பல்லிலிருந்து விலகி நடுவே ஒரு பை உண்டாகும். பல்லைத் தாங்கும் தாடையெலும்பு கரையத் தொடங்கும். பெரியோடான்டைட்டிஸ் என்பது இதுதான். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. பெரும்பாலோருக்கு வலி இல்லாததால் பல் ஆடிய பிறகே மருத்துவரைத் தேடுகிறார்கள்.

புகைபிடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. புகையிலையால் ஈறில் ரத்தக்கசிவு குறைந்து காணப்படும், அதனால் எச்சரிக்கை மணியே அடிக்காது. குட்கா, கைனி, ஸர்தா போன்ற வாயில் போடும் புகையிலைப் பொருள்களுக்குச் சிங்கப்பூரில் தடை உள்ளது. ஆனால் புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் வகைப்படுத்திவிட்டது. பாக்கு போடுபவர்கள் பல் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்வது நல்லது. ஈறைப் பார்க்கும்போதே கன்னத்தின் உட்பக்கத்தையும் அவர் பார்த்துவிடுவார்.

சர்க்கரையும் ஈறும்

இங்குள்ள இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது பழைய செய்தி. 2016ல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுத்தபோதிலிருந்து சோற்றின் அளவையும் தேநீரில் போடும் சர்க்கரையையும் பற்றி நிறையவே பேசியாகிவிட்டது. ஈறைப் பற்றிப் பேசியது குறைவு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாகப் பரவும். ஈறில் அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகும். ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளுக்கு மூன்று, நான்கு மாதங்களில் எச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 விழுக்காட்டுப் புள்ளி வரை குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2022ல் தெரிவித்தனர். மாத்திரையை நிறுத்த அது போதாது. ஆனால் பல் நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் அது.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், நிஃபெடிபின் மாத்திரை சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதும் உண்டு. எனவே முதல்முறை போகும்போது மாத்திரைப் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் அதை நிச்சயம் சொல்ல வேண்டும். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் தாங்களாகவே நிறுத்தக்கூடாது.

நாற்காலியில் நடப்பது

முதலில் அளவெடுப்பார்கள். மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் ஈறுக்குள் மெதுவாக விட்டு, எண்களை உரக்கச் சொல்வார்கள், உதவியாளர் குறித்துக்கொள்வார். 1 முதல் 3 வரை என்றால் நலம். 4க்கு மேல் போனால் பை உருவாகியிருக்கிறது என்று பொருள். உங்கள் வாயில் என்ன எண்கள் வந்தன என்று தயங்காமல் கேளுங்கள். மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை எக்ஸ்ரே காட்டும்.

அடுத்தது ஆழமாகச் சுத்தம் செய்வது. வழக்கமான ஸ்கேலிங் ஈறுக்கு மேலே தெரியும் காரையை எடுக்கும். ரூட் பிளானிங் என்பது மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேரில் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பது. பெரும்பாலும் வாயின் ஒரு பகுதி அல்லது ஒரு பக்கம் என்று பிரித்து, இரண்டு முதல் நான்கு தடவையாகச் செய்வார்கள். மரத்துப்போன உணர்வு இரண்டு மூன்று மணி நேரம் நீடிக்கும். அதற்குள் சூடான தேநீர் குடித்து உதட்டைச் சுட்டுக்கொள்பவர்கள் உண்டு.

பலர் பாதியில் ஓடிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். “சுத்தம் பண்ணினேன், பல் ஆட ஆரம்பிச்சிருச்சு” என்ற பேச்சைக் காப்பிக் கடையில் கேட்காதவர்கள் குறைவு. நடப்பது என்னவென்றால், எலும்பு ஏற்கெனவே கரைந்திருக்கும், கெட்டியான காரை பற்களை ஒன்றோடொன்று சிமெண்டுபோலப் பிடித்து வைத்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. வீக்கம் வற்றி ஈறு இறங்குவதால் பற்கள் நீண்டதுபோல் தோன்றும், இடையில் சந்து தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். இவற்றை முன்கூட்டியே யாராவது விளக்கியிருந்தால் பாதிப் பேர் சிகிச்சையைத் தொடர்ந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். பல வாரங்களில் ஈறு இறுகி வரும்போது, மிதமாக ஆடிய பற்கள் ஓரளவு உறுதிப்படுவதும் உண்டு.

தேறி வரும் நாள்கள்

முதல் இரண்டு மூன்று நாள்கள் ஈறு புண்ணாக இருக்கும், எச்சிலில் லேசாக ரத்தம் தெரியலாம். இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், தயிர் சாதம், ஆறவைத்த கஞ்சி போதும். முறுக்கு, காராபூந்தி, ஊறுகாய் ஒரு வாரம் காத்திருக்கட்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பது இதமாக இருக்கும். கூச்சம் சில வாரங்கள் நீடிக்கலாம். கூச்சத்துக்கென விற்கும் பற்பசை உதவும்.

குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு மருந்து கொடுத்தால் சொன்ன நாள்கள் மட்டும் பயன்படுத்துங்கள். அதிக நாள் தொடர்ந்தால், அதுவும் காப்பி, தேநீர் குடிப்பவர்களுக்கு, பற்களில் பழுப்புக் கறை படியும். நாக்கில் ருசியும் சற்று மாறும். பற்பசைக்கும் அதற்கும் அரைமணி நேர இடைவெளி விடுவது நல்லது.

ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளவெடுப்பார்கள். பெரும்பாலான பைகள் அதற்குள் சுருங்கியிருக்கும். ஆழம் குறையாத இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ஒருவாரம் அல்லது இரண்டு வாரத்தில் தையல் பிரிப்பார்கள். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். அதன்பிறகு வீக்கம் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ மருந்தகத்துக்கு உடனே தொலைபேசியில் அழைக்க வேண்டும். இந்த நாள்களில் புகைபிடித்தால் புண் ஆறுவது தாமதமாகும், சிகிச்சையின் பலனும் குறையும்.

எங்கே போவது, எவ்வளவு ஆகும்?

நீலம், ஆரஞ்சு நிறச் ‘சாஸ்’ அட்டை வைத்திருப்போர், முன்னோடித் தலைமுறையினர், மெர்டேக்கா தலைமுறையினர் ஆகியோருக்கு ‘சாஸ்’ பல் மருந்தகங்களில் மானியம் உண்டு. சில பலதுறை மருந்தகங்களிலும் பல் சிகிச்சை உண்டு. முற்றிய நோய்க்கு ஈறு சிறப்பு மருத்துவரைப் பார்க்க அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று, ஊட்ரமில் உள்ள தேசிய பல் மருத்துவ நிலையத்துக்கோ கென்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்ச் சுகாதார நிலையத்துக்கோ போகலாம். மானியக் கட்டணத்துக்கு அந்தக் கடிதம் முக்கியம். அறுவை சிகிச்சைக்கு மெடிசேவ் பயன்படுத்தலாம். எல்லாச் சிகிச்சைக்கும் அது பொருந்தாது என்பதால், நாற்காலியில் சாய்வதற்கு முன்பே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இந்த மானியங்கள் இல்லை. அவர்களுக்காக ‘ஹெல்த்சர்வ்’ என்ற தொண்டு அமைப்பு குறைந்த கட்டணத்தில் பல் சிகிச்சை அளித்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் தம்பிமார்களில் யாராவது பல் ஆடுகிறது என்றால் இந்தப் பெயரைச் சொல்லலாம்.

சிகிச்சை முடிந்தவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டில் பிரஷ் மட்டும் போதாது. சந்துகளின் அகலத்துக்கேற்ற சிறு இடைப்பல் பிரஷ் தினமும் ஒருமுறை உள்ளே போய் வர வேண்டும். எந்த அளவு பிரஷ் வேண்டும் என்பதை மருத்துவரிடமே காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். பெரிதாக வாங்கிவிட்டு உள்ளே நுழையவில்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவைத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி.