உருமாறும் பொம்மை உரைக்கும் வரலாறு

ஓர் இனத்தின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அவ்வினத்தின் கோயிலையும் கோட்டையையும் கல்வெட்டையும் செப்பேட்டையும் நாடிச் செல்வது வழக்கம். அவ்வினத்துக் குழந்தைகள் எதனைக் கொண்டு விளையாடினர் என்று கேட்போர் சிலரே. ஆயினும், விளையாட்டுப் பொருளும் காலத்தின் சான்றேயாகும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களைச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என வகுத்தனர். தேர் ஓடிய நாட்டில் குழந்தை சிறுதேர் உருட்டியது. முரசு முழங்கிய நாட்டில் குழந்தை சிறுபறை கொட்டியது. பெரியோர் உலகம் எதனை வியந்ததோ அதனையே சிறியோர் உலகம் கையளவாக்கிக் கொண்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி மக்கள் வியந்தவை வானூர்தி, மோட்டார் வண்டி, இயந்திர மனிதன் ஆகியவை. இவற்றை ஒன்றாக்கி, ஒன்று மற்றொன்றாக மாறும் பொம்மையை உலகுக்கு அளித்தது ஜப்பான். அவ்வகைப் பொம்மைகளுள், முழுமையான நிலையில் கிடைத்தற்கரியதெனச் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் ஒன்று ‘ஜெட்ஃபயர்’. போர் விமானமாகவும் இயந்திர மனிதனாகவும் மாறும் அப்பொம்மையின் வரலாறு, ஒரு பொருளை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்னும் பாடத்தையும் உடன் கற்பிக்கிறது.

தோற்றமும் பின்னணியும்

1970களின் ஜப்பானில் பொம்மைத் தொழில் பெருமாற்றத்திற்கு உள்ளாயிற்று. பிளாஸ்டிக் எண்ணெயிலிருந்து கிடைப்பது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி பெரிய பொம்மைகளின் செலவை உயர்த்தியது. 1974இல் டகாரா நிறுவனம் வெளியிட்ட ‘மைக்ரோமேன்’ பொம்மைகள் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரமே உடையன. உருவம் சிறுத்தது, ஆனால், உள்ளே அமைந்த நுட்பம் பெருகியது. 1980இல் அதே நிறுவனம் ‘டயாக்லோன்’ என்னும் வரிசையைத் தொடங்கியது. 1982 முதல் அவ்வரிசையில் உண்மையான மோட்டார் வண்டிகளின் தோற்றமுடைய பொம்மைகள் இயந்திர மனிதராக மாறின. 1983இல் மைக்ரோமேன் வரிசையிலும் துப்பாக்கி, ஒலிநாடாப் பெட்டி போன்ற அன்றாடப் பொருள்கள் உருமாறத் தொடங்கின.

இதே காலத்தில் டகாடோகு என்னும் மற்றொரு நிறுவனமும் இத்துறையில் தடம் பதித்தது. 1982 அக்டோபர் முதல் 1983 ஜூன் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் 36 பகுதிகளாக ஒளிபரப்பான ‘மேக்ராஸ்’ என்னும் சித்திரத் தொடருக்கு அந்நிறுவனம் பொம்மைகள் செய்தது. அத்தொடரின் ‘வால்கிரி’ விமானத்தை வடிவமைத்தவர் ஷோஜி கவமோரி. 1960இல் பிறந்த அவர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அமெரிக்கக் கடற்படையின் எஃப் 14 விமானத்தை அடியொற்றி அவர் வரைந்த வடிவம், தாளில் மட்டுமன்றிக் கையிலும் மாறத்தக்கதாய் இருந்தது. விமானத்தின் இயந்திரக் கூடுகள் கீழிறங்கிக் கால்களாகும். அவற்றிடையே மறைந்திருக்கும் கைகள் வெளிப்படும். மூக்குப் பகுதி மடிந்து மார்பாகும். இறக்கைகள் முதுகில் ஒடுங்கும். விமானத்திற்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட மூன்றாம் நிலையும் ஒன்று உண்டு. 55இல் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக்கோடு வார்ப்பு உலோகமும் கலந்து, டகாடோகு நிறுவனம் இதனைப் பொம்மையாக்கியது. முதுகிலும் கைகால்களிலும் மாட்டிக் கழற்றக்கூடிய கவசங்களோடு வந்த வகைக்குச் ‘சூப்பர் வால்கிரி’ என்று பெயர்.

கடல் கடந்த கதை

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் டகாராவின் டயாக்லோன், மைக்ரோமேன் பொம்மைகளைத் தேர்ந்தெடுத்து, 1984இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்னும் ஒரே குடைக்கீழ்க் கொணர்ந்தது. ஜப்பானில் மனிதர் ஏறி ஓட்டும் இயந்திரங்களாய் இருந்தவை அமெரிக்காவில் தாமே பேசும், சிந்திக்கும் உயிர்களாயின. மார்வெல் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் புடியான்ஸ்கி அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் வகுத்தார். 1984 செப்டம்பர் 17ஆம் நாள் சித்திரத் தொடரும் தொடங்கியது.

விற்பனை பெருகவே, டகாராவின் சரக்கு மட்டும் ஹாஸ்ப்ரோவுக்குப் போதவில்லை. பிற நிறுவனங்களின் பொம்மைகளையும் அது உரிமம் பெற்று விற்கத் தலைப்பட்டது. அவ்வாறு டகாடோகுவின் படைப்புகள் சில 1985ஆம் ஆண்டு வரிசையில் இடம்பெற்றன. சூப்பர் வால்கிரி, வெண்ணிற உடலும் செந்நிறக் கவசமும் பூண்டு, ‘ஜெட்ஃபயர்’ ஆயிற்று. ஆனால், அதனைப் படைத்த டகாடோகு நிறுவனமோ 1984இலேயே நொடித்துப் போயிற்று. அதன் வார்ப்பு அச்சுகள் பின்னர்ப் பண்டாய் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. பண்டாய், டகாராவின் நேர்ப் போட்டியாளர். ஆகவே, 1985இல் டகாரா ஜப்பானில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையைத் தொடங்கியபோது, பிறந்த மண்ணிலேயே இப்பொம்மைக்கு அவ்வரிசையில் இடமில்லாது போயிற்று.

உரிமைச் சிக்கல் திரையையும் தொட்டது. 1984ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கச் சித்திரத் தொடரில் தோன்றிய இப்பாத்திரத்தின் பெயர் ‘ஸ்கைஃபயர்’. உருவமும் பொம்மையினின்று வேறாக வரையப்பட்டது. 1985இலோ, மேக்ராஸ் தொடரை உள்ளடக்கிய ‘ரோபோடெக்’ அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தது. கடையில் ஜெட்ஃபயர் என விற்ற அதே வடிவம் அத்தொடரில் வேறொரு கதையின் விமானமாகப் பறந்தது. சிறுவர் பலர் இதனைக் கண்டு மயங்கியிருத்தல் இயல்பே.

பொம்மையே ஆவணம்

இம்மயக்கத்தைத் தீர்க்கும் சான்று பொம்மையின் உடலிலேயே உள்ளது. தொடக்கத்தில் வெளிவந்த ஜெட்ஃபயரின் இறக்கையில் மேக்ராஸ் கதையின் படைச் சின்னமே காணப்படுகிறது. பின்னர் வந்தவற்றில் அதற்கு மாறாக ஆட்டோபாட் அணியின் சின்னம் இடம்பெறுகிறது. பிளாஸ்டிக்கில் பதிந்த நிறுவன முத்திரையும் அவ்வாறே வேறுபடுகிறது. கதையை மாற்றலாம், பெயரை மாற்றலாம், திரையில் உருவத்தையும் மாற்றலாம். வார்ப்பு அச்சில் வெட்டிய எழுத்து அத்துணை எளிதில் மறைவதில்லை. நொடித்துப் போன ஒரு நிறுவனத்தின் பெயர் அயல்நாட்டுக் குழந்தையின் கைப்பொருளில் எஞ்சி நின்றது.

ஒரு நூலின் பல சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், பாட வேறுபாடுகளைக் குறித்து எது முந்தியது, எது பிந்தியது எனத் துணிவார். தேர்ந்த சேகரிப்பாளரும் அதனையே செய்கிறார். சின்னம், முத்திரை, நிறம், பெட்டியின் அச்சு ஆகியவை அவருக்குப் பாட வேறுபாடுகள்.

அருமை எதனால் வந்தது?

ஜெட்ஃபயர் சிலவே செய்யப்பட்ட பொருள் அன்று. கடைகளில் தாராளமாக விற்ற பொம்மையே அது. எனவே, வெற்று உடல் மட்டும் வேண்டுவோர் இன்றும் அதனைப் பெறலாம். கிடைத்தற்கரியது அதன் முழுமை. கழற்றக்கூடிய கவசத் துண்டுகள் பல. குழந்தையின் விளையாட்டில் முதலில் தொலைபவை அவையே. துப்பாக்கி ஒரு வீட்டிலும் முதுகுக் கவசம் மற்றொரு வீட்டிலுமாகச் சிதறிப் போவதுண்டு. ஒட்டுப்படங்கள் உரிந்துவிடும். பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்ட ‘ரோபோ புள்ளி’களை வெட்டி அஞ்சலில் அனுப்பினால் வேறு பொம்மை வாங்கலாம் என்று அக்காலத்தில் அறிவித்திருந்தமையால், பல பெட்டிகள் கத்தரிக்கோலுக்கு இரையாயின.

இவற்றுக்கெல்லாம் மேலான பகை காலம். ஏபிஎஸ் என்னும் வகைப் பிளாஸ்டிக், ஒளியாலும் காற்றிலுள்ள பிராணவாயுவாலும் மெல்ல மெல்ல மஞ்சளாகும். வெண்ணிறமே உடலாகக் கொண்ட ஜெட்ஃபயருக்கு இது பெருங்கேடு. பெட்டியைத் திறவாது வைத்திருப்பினும் நிறம் மாறாது என்று உறுதி கூறுதற்கில்லை. ஆகவே, கவசம் குறையாத, பெட்டி சிதையாத, வெண்மை மாறாத ஜெட்ஃபயர் என்பது தேடுவோர்க்கு அரும்பொருளாயிற்று.

மதிப்பிடும் முறை

இத்தகைய பொருளை மதிப்பிடுவோர் ஐந்து வினாக்களை வரிசையாக எழுப்புதல் நன்று.

முதலாவது, இஃது எது? சின்னமும் முத்திரையும் கண்டு, ஜப்பானிய வெளியீடா, ஹாஸ்ப்ரோவின் முற்பட்ட படியா, பிற்பட்ட படியா எனத் தெளிதல் வேண்டும். வால்கிரியைப் பண்டாய் நிறுவனம் பின்னர் மறுவெளியீடு செய்துள்ளமையால் இவ்வினா இன்றியமையாதது.

இரண்டாவது, முழுமை உடையதா? கவசம், துப்பாக்கி, வழிகாட்டி ஏடு, பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணுதல் வேண்டும். பெட்டியின் பின்புறமுள்ள ஆற்றல் அட்டவணையைச் சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகவே படிக்க இயலும். அச்சிறு தாளும் கணக்கில் சேரும்.

மூன்றாவது, நிலை யாது? மூட்டு தளர்ந்துள்ளதா, பிளாஸ்டிக் வெடித்துள்ளதா, நிறம் மாறியுள்ளதா என நோக்குதல் வேண்டும். மஞ்சளான பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடில் இட்டு ஒளியில் வைத்து வெளுக்கும் முறை ஒன்று உண்டு. வெண்மை திரும்பும், ஆனால், மீண்டும் மஞ்சளாதலும் கூடும். வெளுத்த பொருளை வெளுத்தது என்று சொல்லி விற்பது வாணிகம். சொல்லாது விற்பது வஞ்சகம்.

நான்காவது, உறுப்புகள் யாவும் அதற்கே உரியனவா? புதிதாக அச்சிட்ட ஒட்டுப்படங்களும் போலியாக வார்த்த துணைக் கருவிகளும் இன்று கிடைக்கின்றன. ஒன்றின் கவசத்தை மற்றொன்றின் உடலில் மாட்டினால் காட்சிக்கு நிறைவு; வரலாற்றுக்குக் குறைவு. போலிகளைத் தடுக்க ஹாஸ்ப்ரோ 1985இல் ஓர் உத்தியைக் கையாண்டது: விரலால் தேய்த்தால் உடற்சூட்டில் நிறம் மாறிச் சின்னம் காட்டும் சிறிய ஒட்டியைப் பொம்மைகளில் பதித்தது. ஆயினும், 1984ஆம் ஆண்டின் தொடக்கப் படிகளில் அஃது இல்லை என்பதற்காக அவற்றைப் போலி எனல் பிழை. சான்றின் காலம் அறியாது சான்றைப் பயன்படுத்தலாகாது.

ஐந்தாவது, எங்கிருந்து வந்தது? முதலில் வாங்கியவர் யார், யார் கையில் மாறியது, என்ன பழுது பார்க்கப்பட்டது என்னும் குறிப்பு, பொருளுக்கு நிகரான மதிப்புடையது.

விலையும் மதிப்பும்

பொம்மைகளுக்கு 100 வரை மதிப்பெண் இட்டு, திறக்க இயலாத தெளிந்த பெட்டியில் அடைத்துத் தரும் தனியார் நிறுவனங்கள் தோன்றியுள்ளன. எண் உயர்ந்தால் விலையும் உயரும். ஆனால், மாறுவதற்கென்றே பிறந்த பொம்மை அப்பெட்டிக்குள் மாறாமலே கிடக்கிறது. கவமோரியின் நுட்பம் கைபட்டு அறிய வேண்டியது. ஒரு சிறுவன் தன் பெயரைக் காலில் எழுதி வைத்த பழம்பொம்மை சந்தையில் விலை குறையும். ஆயினும், அஃது எவ்வாறு பயன்பட்டது என்று சொல்லும் ஆற்றல், திறவாத பெட்டிக்கு இல்லை. இரண்டும் சான்றுகளே, ஒன்று விற்பனையின் சான்று, மற்றொன்று வாழ்க்கையின் சான்று.

விற்பனையின் சான்று என்பதையும் மறைத்தல் தகாது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 1984இல் தொலைக்காட்சி விளம்பர நேர வரம்பை நீக்கியது. பொம்மையை விற்கவே சித்திரத் தொடர் எடுக்கும் வழக்கம் அக்காலத்தில் பெருகியது. பெற்றோரும் கல்வியாளரும் எழுப்பிய எதிர்ப்பின் பின்னர், 1990ஆம் ஆண்டின் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் சிறுவர் நிகழ்ச்சிகளின் விளம்பரத்தை வார இறுதியில் மணிக்கு 10.5 நிமிடம், வாரநாளில் 12 நிமிடம் என வரையறுத்தது. ஜெட்ஃபயரின் பெட்டி அழகானது. அவ்வழகு யாரை நோக்கியது, எதற்காக என்னும் வினாவும் அதனுடன் சேர்ந்தது. அன்பினால் சேகரிப்போர் இவ்வினாவை ஒதுக்கிவிடின், அவர்தம் சேகரிப்பு கண்காட்சியாகலாம், வரலாறாகாது.

2024இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள தேசியப் பொம்மைப் புகழ்க்கூடம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. நாற்பது ஆண்டுகளில் கடைச்சரக்கு காட்சிப் பொருளாயிற்று. இன்று குப்பையிற் கிடப்பது நாளை ஆவணமாதல் கூடும் என்பதற்கு இது சான்று. அந்நாள் வரும்போது எஞ்சியிருக்க வேண்டியது பொருள் மட்டுமன்று. அதனைப் பற்றிய மெய்க்குறிப்பும் ஆகும். குறை இருப்பின் குறை என எழுதி வைத்தலும், மாற்றியது இருப்பின் மாற்றியது எனக் கூறலும் சேகரிப்பாளரின் கடமை.

வரலாறு பயிலும் மாணவர்க்குக் கல்வெட்டு எட்டாத தொலைவில் இருக்கலாம். பழம்பொம்மை ஒன்று வீட்டுப் பரணிலேயே இருக்கக்கூடும். அதனை எடுத்து, அடியில் பதிந்த எழுத்தைப் படித்து, யார் செய்தார், எங்கே செய்தார், எப்போது மாற்றினார் என்று வினவினால் ஆராய்ச்சி அங்கேயே தொடங்கிவிடும். ஆசிரியர் அவ்வினாக்களை எழுப்பக் கற்பித்தால், சுவடியை ஒப்புநோக்கும் கண்ணும் மாணவர்க்குத் தானே வாய்க்கும்.