பண்ணைக்காரன் முதல் பெரிய ஐயா வரை

குற்றாலத்தில் விழும் சிற்றாறு தென்காசி வழியாகக் கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. அந்த இடம்தான் முக்கூடல். ஊர்ப் பெரிய மனிதரை, அவர் பக்கத்தில் கைகட்டி நிற்பவனின் கண்ணால் பார்த்துச் சிரிக்கும் கலைக்கு அங்கே நல்ல பழைய சான்று ஒன்று இருக்கிறது: 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் முக்கூடற்பள்ளு.

அதில் வரும் உழவன் அழகக் குடும்பனுக்கு மனைவியர் இருவர். மூத்தவள் முக்கூடல்காரி, இளையவள் மருதூர்க்காரி. வயலை மறந்து இளையவள் வீடே கதியென்று கிடக்கிறான் என மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிட, அவன் குடும்பனைத் தொழு என்னும் மரக்கட்டையில் மாட்டிவிடுகிறான். கால் கட்டையில் சிக்கியது குடும்பனுக்கு. சிரிப்புக்கு ஆளாவதென்னவோ பண்ணைக்காரன். அவன் வந்து நிற்கும்போதே அவனுடைய அங்கலட்சணத்தைப் பாட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிடுகிறது. விதை, மாடு, ஏர் என்று பண்ணைக் கணக்கெல்லாம் குடும்பனின் நாக்கு நுனியில். பண்ணைக்காரனுக்கோ அதட்டத்தான் வரும். கடைசியில் புகார் சொன்ன மூத்தவளே மனமிரங்கி, கணவனை விடச் சொல்லிக் கெஞ்சுகிறாள்.

ஆற்றின் மறுமுனையில், மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சி. இங்கே பாட்டுடைத் தலைவர் குற்றாலநாதர். அவரைப் பண்ணைக்காரனைப்போல் கிண்டலடிக்க முடியுமா? நகைச்சுவையைப் பெரும்பாலும் குறவர் இணையான சிங்கனும் சிங்கியும் சுமக்கிறார்கள். மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர் கவிராயருக்கு நிலம் கொடுத்தார். அதற்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர். பண்ணைக்காரனைக் கிண்டலடித்த பள்ளின் ஆசிரியர் யாரென்றே உறுதியாகத் தெரியவில்லை. இதைத் தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

சினிமாவில் பெரிய மனிதரைக் கிண்டலடிக்கும் வேலையைக் கூச்சமில்லாமல் செய்தவர் இயக்குநர் மணிவண்ணன். 1994இல் வந்த ‘அமைதிப்படை’யில், கோயிலில் உடைக்கும் தேங்காயைப் பொறுக்கித் தின்னும் அமாவாசையை (சத்யராஜ்) ஓர் அரசியல்வாதி தன் கையாளாக்கித் தேர்தலில் நிறுத்துகிறார். அந்த அரசியல்வாதியாக நடித்ததும் மணிவண்ணனே. வாக்கு எண்ணிக்கை ஏற ஏற, நாற்காலி நுனியில் ஒடுங்கியிருந்த அமாவாசையின் உட்காரும் தோரணை மாறிக்கொண்டே போகும். எதிரே தலைவரின் முகம் வெளிறும். பள்ளு தொடாத இடம் இது. தொழுவில் கிடந்தவனே பண்ணைக்காரன் ஆகிவிடுகிறான், முந்தையவனைவிடக் கொடியவனாக.

மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ மறுபடி பள்ளின் பக்கம் வருகிறது. சூரங்குடி என்ற கற்பனைக் கிராமம். ‘பெரிய ஐயா’வுக்கு இரண்டு சாதியில் இரண்டு மனைவியர், ஆளுக்கொரு மகன். இருவரும் ஊராட்சித் தலைவர் பதவிக்கு மல்லுக்கு நிற்கிறார்கள். வாக்குகள் சமம். மரத்தடியில் கிடந்த முடிதிருத்துபவரின் (யோகி பாபு) ஒற்றை வாக்கு வெற்றியை முடிவு செய்யும். கூடவே சுற்றும் சிறுவன் கிருதாவுக்கும் திடீர் ராஜ வாழ்க்கை. நேற்றுவரை வாசற்படி ஏறவிடாத பெரிய மனிதர்கள் இன்று செருப்பு முதல் சலூன் வரை தூக்கிவந்து தருகிறார்கள். வாங்கிக்கொண்டே போனவருக்கு ஒரு கட்டத்தில் ஊருக்காகக் கேட்கவும் தோன்றிவிடுகிறது.

2021 ஏப்ரல் 4 அன்று படம் திரையரங்குக்குப் போகாமல் நேரே தொலைக்காட்சியில் வந்தது. ஏப்ரல் 6 அன்று தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தல்.