பால் கேனில் வந்த ரத்தம்

1933, பிப்ரவரி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி சுமார் 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, மேடிசன் நகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். வண்டியில் ஒரு செத்த கிடாரி, கொஞ்சம் காய்ந்த தீவனம், ஒரு பால் கேன். கேனில் இருந்தது பால் அல்ல... உறையவே உறையாத ரத்தம்!

சின்னக் காயத்துக்கே ரத்தம் நிற்காமல் ஒழுகி அந்தப் பக்கத்து மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. பூஞ்சை பிடித்த 'ஸ்வீட் க்ளோவர்' தீவனம்தான் காரணம் என்று 1920களிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். ஆனால், அதில் இருந்த விஷம் எது? அன்றைக்கு விஞ்ஞானி கார்ல் பால் லிங்க்கிடம் பதில் இல்லை. அந்தத் தீவனத்தைப் போடாதே என்று மட்டுமே அவரால் சொல்ல முடிந்தது. கார்ல்சன் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

லிங்க் விடவில்லை. 1939-ல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் அந்த விஷம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதன் வழியில் உருவான 'வார்ஃபரின்' 1948-ல் கடைக்கு வந்தது. எதற்காக? எலியைக் கொல்ல!

1951-ல், உயிரை விடும் எண்ணத்தில் அதைத் தின்ற ஓர் அமெரிக்கப் படைவீரர், வைட்டமின் கே சிகிச்சையில் பிழைத்துக்கொண்டார். அட, முறிவு மருந்து இருக்கிறதே! டாக்டர்களுக்குத் தைரியம் வந்தது. 1954-ல் வார்ஃபரின் மனிதர்களுக்கும் மருந்தானது. மறுவருஷம் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே அதைக் கொடுத்தார்கள்.

சூட்சுமம் இதுதான். ரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்களைக் கல்லீரல் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமினை உடம்பு புதுப்பித்து மறுபடி உபயோகிக்கும். வார்ஃபரின் அந்தப் புதுப்பிக்கும் வேலையில் கை வைக்கிறது. ஏற்கெனவே இருக்கும் புரதங்கள் தீர வேண்டும் என்பதால், முழுப் பலன் தெரியச் சில நாட்களாகும்.

டோஸ் குறைந்தால் ரத்தக்கட்டி, கூடினால் ரத்தக்கசிவு. ஈறில் ரத்தம், கறுப்பாக மலம் என்று ஆரம்பித்து மூளையில் கசிவு வரைக்கும் போகலாம். அதனால்தான் 'ஐ.என்.ஆர்.' என்ற ரத்தப் பரிசோதனை. பெரும்பாலோருக்கு அது 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும். ஒருநாள் கட்டுக்கட்டாகக் கீரை, மறுநாள் சுத்தமாக இல்லை என்றாலும் கணக்கு தப்பும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடுவது அதைவிட ஆபத்து.

பரிசோதனைத் தொல்லை அவ்வளவாக இல்லாத புது மாத்திரைகள் இன்று வந்துவிட்டன. ரத்தக்கசிவு பயம் அவற்றிலும் உண்டு. ஆனால், இதயத்தில் செயற்கை உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களுக்கு இன்றும் வார்ஃபரின்தான் கதி.

கார்ல்சனின் மாட்டைக் கொன்றதும் இவர்களைக் காப்பாற்றுவதும் ஒரே வித்தைதான். வித்தியாசம், அளவில் இருக்கிறது!