மாமாவின் லென்சும் கார்கிவ் பிள்ளைகளின் கேமராவும்



1994-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பொங்கல் விடுமுறையில் கூடுகிறார்கள். "சார், அன்னிக்கு எடுத்த குரூப் போட்டோவை அதே கேமராவில் நீங்களே எடுக்கணும்" என்று கேட்டார்கள். கேமரா பழுது என்றேன். பிறகுதான் தெரிந்தது, எனக்கு ஒரு லைகா வாங்கித் தர ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று. பணம் போட்டவர்களில் ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டுக்கடன் தவணை தள்ளிப்போன கதையைப் போன மாதம்தான் என்னிடம் சொன்னான். லைகா வேண்டாம் என்று ஒரு வரியில் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால் வரலாறாகவே சொல்லிவிடுகிறேன். பாடம் நடத்திப் பழகிய வாய்.

என் தாய்மாமா நெய்வேலி அனல்மின் நிலையத்தில் ஃபிட்டர். அது சோவியத் உதவியோடு கட்டப்பட்டது உங்களுக்குத் தெரியும். ஊர் திரும்பும்போது ஒரு ரஷ்யப் பொறியாளர் தன் ஜோர்க்கி-4 கேமராவை மாமாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தபோது மாமா அதை என் கையில் கொடுத்தார். உங்கள் வகுப்புப் படங்கள் எல்லாம் அதில் எடுத்தவைதான்.

அதைக் கெடுத்தது பேரன் இல்லை, நானேதான். அந்தக் கேமராவில் ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். முப்பது வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன விதி. பேரனுக்குக் காட்டும் அவசரத்தில் ஏற்றாமலே திருகிவிட்டேன். உள்ளே பல் போய்விட்டது, துணித் திரையும் இற்றுப்போய்விட்டது என்றார் பழுது பார்ப்பவர். லென்ஸ் மட்டும் நன்றாக இருக்கிறது. ஜூபிட்டர்-8, 50 மி.மீ., எஃப்/2. வரிசை எண் 63 என்று தொடங்குகிறது. அந்தத் தொழிற்சாலையில் முதல் இரண்டு இலக்கம் செய்த ஆண்டைக் குறிக்கும்.

ஆக, லென்ஸ் இருக்கிறது, உடல்தான் தேவை.

ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கார் பார்னாக், சினிமா ஃபிலிமைப் போட்டு எடுக்கும் சின்னக் கேமராவை உருவாக்கினார். 1925-ல் அது லைகா என்று விற்பனைக்கு வந்தது. 1932-ல் வந்த இரண்டாம் மாடலில் தூரம் காட்டும் ஏற்பாடு லென்சோடு இணைந்தது. அதுதான் ரேஞ்சுஃபைண்டர். முன்பக்கம் இரண்டு ஜன்னல். பொருள் கிட்டே வர வர இரண்டு ஜன்னலும் பார்க்கும் கோணம் மாறும். லென்சைத் திருப்பினால் இரண்டு பிம்பமும் ஒன்றாகும், அப்போது ஃபோகஸ் சரி. கணக்கு வகுப்பில் படித்த முக்கோணம்தான், அடிப்பக்கம் நீளமானால் அளவு துல்லியமாகும். இதை மறக்காதீர்கள், பிறகு வருகிறேன்.

அந்த லைகாவில் லென்சை 39 மி.மீ. மரையில் திருக வேண்டும். அந்த மரையைத்தான் உலகமே எடுத்துக்கொண்டது.

இனி கார்கிவ். அப்போது அது சோவியத் உக்ரைனின் தலைநகர். உள்நாட்டுப் போரிலும் பஞ்சத்திலும் பெற்றோரை இழந்து தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக 1927-ல் அங்கே ஓர் உழைப்புக் குடியிருப்பு தொடங்கினார்கள். அதை நடத்தியவர் அந்தோன் மகரென்கோ. ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. நாளில் ஒரு பங்கு பள்ளி, ஒரு பங்கு பட்டறை. முதலில் மின் துளைப்பான் செய்தார்கள். பிறகு லைகாவைப் பிரித்துப் பார்த்து அதேபோல் செய்யத் துணிந்தார்கள். 1932-ல் மாதிரிகள், 1934-ல் வரிசை உற்பத்தி. பேர் ஃபெட். ரகசிய போலீசை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். அந்தக் குடியிருப்புக்கு ஆதரவு தந்ததும் ரகசிய போலீஸ்தான். 1932-33-ல் அதே உக்ரைனின் கிராமங்களில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். மகரென்கோவை வகுப்பில் புகழ்ந்த எங்கள் பயிற்சி நிறுவனத்தில் இதை யாரும் சொல்லவில்லை. பிற்பாடு படித்தபோது எனக்கு இரண்டு நாள் மனசு சரியில்லை. ஆனாலும் தெருவில் கிடந்த பிள்ளைகள் நுண்ணிய கருவி செய்தார்கள் என்பதும் உண்மை.

1941-ல் ஜெர்மன் படை நெருங்கியதும் ஆலையை சைபீரியாவின் பெர்த்ஸ்க் நகருக்குக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு, 1948-ல், மாஸ்கோவுக்குப் பக்கத்து கிராஸ்னோகோர்ஸ்கில் அதே வழியில் வந்தது ஜோர்க்கி.

லென்சின் பிறப்பு வேறு. லூத்விக் பெர்டெலே என்பவர் ஸைஸ் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவுக்காக சோனார் லென்சை வடிவமைத்தார். ஆறு கண்ணாடிகளை மூன்று கட்டாக ஒட்டியதால் காற்றைத் தொடும் பரப்பு குறைவு. கண்ணாடிக்குப் பூச்சு இல்லாத அந்தக் காலத்திலும் படம் வெளுக்காது. போர் இழப்பீடாக ஸைஸ் இயந்திரங்களும் வரைபடங்களும் சோவியத்துக்குப் போயின. சோனார், ஜூபிட்டர் ஆனது. ஸைஸ் வடிவமைப்பு லென்ஸ் லைகா மரையில் உட்கார்ந்தது இப்படித்தான்.

இதில்தான் விஷயம். 1954-ல் லைகா எம்3 வந்தது. மரை போய், திருப்பிப் பூட்டும் வாய் வந்தது. ஃபிலிமுக்கும் லென்ஸ் வாய்க்கும் இடைவெளி பழையதில் 28.8 மி.மீ., புதியதில் 27.8. எனவே 1 மி.மீ. வளையம் போட்டால் மாமாவின் லென்ஸ் லைகாவில் ஏறும். ஏறினால் போதுமா? ரேஞ்சுஃபைண்டர் கணக்கிடுவதற்கு லைகாவும் ஜப்பான்காரரும் எடுத்துக்கொண்ட அளவு ஒன்று, ஜூபிட்டர் பின்பற்றிய கான்டாக்ஸ் அளவு வேறு. தூரத்துக் காட்சியில் தெரியாது. ஒரு மீட்டரில், முழுத் துவாரத்தில் முகம் எடுத்தால் கண்ணுக்குப் பதில் காது தெளிவாக விழும். அதாவது லட்சக்கணக்கில் செலவழித்து, என் லென்சோடு ஒத்துப்போகாத உடலை வாங்க வேண்டும்.

கேனன் பி-யும் பார்த்தேன். 1959-ல் வந்தது, உலோகத் திரை, பெரிய தெளிவான ஜன்னல். மனசு அதில் கொஞ்ச நாள் நின்றது. பெஸ்ஸா ஆர் 2000-ல் கொசினா செய்தது, வெளிச்ச அளவுமானியும் உண்டு. இரண்டிலும் அந்த அளவுச் சிக்கல் இருக்கிறது, விலையும் ஃபெட்டைப்போலப் பல மடங்கு. பழைய மரை லைகாவில் ஃபிலிம் நுனியை நீளமாக வெட்டி அடிவழியாக நுழைக்க வேண்டும். என் விரலுக்கு அது ஆகாது.

கடைசியில் ஃபெட்-2. 1955-ல் வந்த கார்கிவ் கேமரா. பின்மூடி முழுதாகக் கழன்று வரும். முக்கோணத்தின் அடிப்பக்கம் 67 மி.மீ.; என் ஜோர்க்கி-4-ல் 38 தான். மெதுவான வேகங்களுக்கான பல்சக்கரம் இல்லாததால் கெட்டுப்போகவும் அவ்வளவு குறைவு. பார்வைக்குத் தக்கபடி ஜன்னலைச் சரிசெய்யும் ஒரு சின்னக் கைப்பிடி உண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்க்கிறேன். சில ஆயிரம் ரூபாய்தான். துணித் திரையை விளக்கொளியில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினேன். மூடி போடாமல் வெயிலில் வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடியாகித் திரையைச் சுட்டுவிடும். வேகத்தை ஏற்றிய பிறகே மாற்றும் விதி இதிலும் உண்டு. பின்மூடியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டேன்.

முதல் ரோல் கழுவி வந்துவிட்டது. சமையலறை வாசலில் உங்கள் டீச்சரம்மா. கண் இமை தெளிவாக இருக்கிறது.

எனவே பிள்ளைகளே, போட்ட பணத்தை அவரவர் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். 1994 படத்தில் கடைசி வரிசை வலது ஓரம் நிற்பவன் இப்போது இல்லை. அவன் அம்மாவிடம் இருக்கும் ஒரே படம் அதிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியதுதான். அந்த அம்மாவையும் அன்று அந்த இடத்தில் நிற்க வைத்து எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் வர ஒப்புக்கொள்வாரா என்று கேட்டு, கூட்டிவரும் பொறுப்பை யாராவது ஒருவர் ஏற்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குச் சொல்லுங்கள்.