நிலை உணரிச் சமிக்ஞைகளில் இரைச்சல் வடிகட்டல்

ஒரு பொருள் எங்கே நிற்கிறது, எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை மின்னழுத்தமாகவோ மின்னோட்டமாகவோ எண்ணாகவோ தரும் கருவி நிலை உணரி. அதன் சமிக்ஞையோடு கலந்துவரும் வேண்டாத ஏற்ற இறக்கங்களைக் குறைப்பது இரைச்சல் வடிகட்டல் எனப்படும். இலங்கையின் மன்னார்ப் பகுதியில் இந்நுட்பம் பெரிய அளவில் வேலை செய்யும் இடம், 2020 டிசம்பரில் மன்னார்த் தீவின் தென்கரையில் திறக்கப்பட்ட 'தம்பபவனி' காற்றாலைப் பூங்கா. மன்னார் வளைகுடாவை நோக்கி இலங்கை மின்சார சபை அமைத்த 30 காற்றாலைகள் இங்கே நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாட், மொத்தம் 103.5 மெகாவாட்.

இத்தகைய காற்றாலையில் இரண்டு கோணங்களை ஓயாமல் அளக்க வேண்டும். இறக்கை தன் அச்சில் எவ்வளவு திரும்பியுள்ளது என்பது ஒன்று. கோபுர உச்சியிலுள்ள இயந்திர அறை எத்திசையை நோக்குகிறது என்பது மற்றொன்று. தென்மேற்குக் காற்றான சோளகம் வலுக்கும்போது இறக்கைகளைத் திருப்பிக் காற்றை வழியவிட்டால்தான் இயந்திரம் தாங்கும். தவறான கோணத்தை நம்பித் திருப்பினால் இறக்கையும் கோபுரமும் தேவையற்ற பளுவைச் சுமக்கும்.

இரைச்சல் பல வழிகளில் நுழைகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி மின் வடிவத்தை மாற்றும் சுற்று, 50 ஹெர்ட்ஸ் மின்வழங்கல், சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் வழுக்கு வளையங்கள் ஆகியவை வழக்கமான மூலங்கள். கடற்கரையில் உப்புக் காற்றால் அரிக்கும் இணைப்பு முனைகளும் சேர்ந்துகொள்கின்றன. முறுக்கிய இணைக் கம்பி, கவச உறை, 4 முதல் 20 மில்லியம்பியர் வரையான மின்னோட்டச் சமிக்ஞை ஆகியவற்றால் இரைச்சலை வாசலிலேயே தடுப்பது எப்போதும் மேலானது. எந்த வடிகட்டியும் தாமதத்தை விலையாகக் கேட்கும்; நல்ல கம்பி கேட்பதில்லை.

எளிய வடிகட்டி ஒரு தடையியும் ஒரு கொள்ளளவியும் கொண்டது. 10 கிலோஓம், 1 மைக்ரோபரட் என எடுத்தால் வெட்டு மீடிறன் ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் இரைச்சலில் 30 சதவீதமே மிஞ்சும். மெதுவான அசைவுகள் ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் பிந்தி வரும். சமிக்ஞையை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே இவ்வடிகட்டி இருக்க வேண்டும். நொடிக்கு 100 முறை மாதிரி எடுக்கும் சுற்றில் 2,010 ஹெர்ட்ஸ் இரைச்சல் 10 ஹெர்ட்ஸ் அசைவாக வேடமிட்டுவிடும். பிறகு எந்த மென்பொருளாலும் அதை உண்மையான அசைவிலிருந்து பிரித்தறிய முடியாது.

நிலையிலிருந்து வேகத்தைக் கணக்கிடும்போதுதான் இரைச்சலின் உண்மையான தீங்கு வெளிப்படுகிறது. 50 ஹெர்ட்ஸில் வெறும் 0.05 பாகை வீச்சுள்ள அலைவு, வேகக் கணக்கில் நொடிக்கு 15.7 பாகை வீச்சாகப் பெருகும். இறக்கை அசையாமல் நிற்கும்போதும் அது விரைந்து திரும்புவதாகக் கட்டுப்படுத்தி கருதக்கூடும். நொடிக்கு 1,000 மாதிரிகள் எடுத்து, அடுத்தடுத்த இருபதின் சராசரியைக் கொண்டால் 50 ஹெர்ட்ஸ் முற்றாக நீங்கும், தாமதம் 9.5 மில்லிசெக்கன். தனித்துத் தாவும் பிழை மதிப்புகளுக்குச் சராசரி உதவாது. அங்கே இடைநிலை வடிகட்டி ஏற்றது: ஐந்து மதிப்புகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதைக் கொள்வது.

திசைக் கோணத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வடக்கை ஒட்டி வாடை வீசும்போது 359 பாகையும் 1 பாகையும் மாறி மாறி வரலாம். இரண்டின் சராசரி 180, அதாவது நேர் தெற்கு! ஆகவே கோணத்தின் சைன், கோசைன் மதிப்புகளைத் தனித்தனியே சராசரியாக்கி, அவற்றிலிருந்து கோணத்தை மீட்பர்.

ருடால்ஃப் கால்மன் 1960இல் வெளியிட்ட வடிகட்டி, இயந்திரத்தின் இயக்க மாதிரியையும் அளவீட்டையும் சேர்த்து எடைபோடுவதால் தாமதத்தைக் குறைக்கிறது. ஆனால் அவசர நிறுத்தத்தை இந்த வடிகட்டிகளில் எதற்கும் பின்னால் வைப்பதில்லை. அதற்கான பாதுகாப்புச் சுற்று, கட்டுப்படுத்தியைச் சாராமல் தனிக் கம்பிகளில் செல்கிறது.