கொலையுண்டோர் நினைவும் கூட்டுக் கலையும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் வடக்கே, வைகைப் பிரதேசத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கிடைத்த தமிழ்-பிராமி நடுகற்கள், பூசலில் மாண்டவர்க்குத் தமிழர் எழுப்பிய ஞாபகச் சின்னங்களுள் மிகத் தொன்மையானவை. கல்லைக் காண்பது தொடங்கி, கொணர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் வகுக்கும் ஆறு நிலைகளையும் நோக்கின், சிற்பியின் கைத்திறன் அவற்றுள் ஒரு சிறு பாகமே என்பதும், ஏனைய யாவும் இறந்தவனோடு வாழ்ந்த ஜனங்களின் கிரியை என்பதும் புலனாகும். கொலையுண்ட முத்துப்பட்டனைப் போன்றோரைத் தெய்வமாக்கி, கொடை நடத்தி, அவர்கள் மாண்ட வரலாற்றை வில்லுப்பாட்டில் விடியுமட்டும் கேட்கும் தென்ஜில்லா வழக்கமும் இம்மரபின் கிளையே என்பது என் துணிபு.

1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரியுண்டு மாண்டனர். அங்கே எழுப்பப்பெற்ற நினைவுச் சின்னமும், அம்மரபின் வழியில், ஆண்டுதோறும் அந்நாளில் திரண்டுவரும் ஜனங்களாலேயே ஜீவனோடு விளங்குகிறது.

அதே 1968இல், அக்டோபர் 2 அன்று, மெக்ஸிகோ நகரத்துத் திலாத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர் கூட்டம் சுடப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்னும் கலைஞர் அவ்விடத்தில் ஓர் ஒலிபெருக்கியை வைத்து, விரும்பியவர் எவரும் வந்து பேசலாம் என்று விடுத்தார். பேசுவோர் குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப விளக்கொளி வானில் துடித்தது. வானொலி அக்குரலைத் தணிக்கையின்றி ஊரெங்கும் பரப்பியது. 2014இல் அந்நாட்டில் 43 மாணவர்கள் கடத்தப்பட்டுக் காணாமற்போன பின், 2015இல் அவர் இயற்றிய படைப்போ இன்னும் ஆழமானது. குற்றவாளியைத் தேடுவதற்குப் பயன்படும் முகமறியும் கருவி அதில் அந்த 43 முகங்களை ஓயாது தேடுகிறது. எதிரே நிற்பவரின் முகம் அவர்களுள் எவரை எத்தனை சதவீதம் ஒத்திருக்கிறது என்று அறிவிக்கிறது. பார்க்க வந்தவர், காணாமற்போன ஒருவனின் சாயலைத் தம் முகத்திலேயே சுமந்து நிற்கிறார்.

நம்மவருள் இவ்வழியில் முன்சென்றவர் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன். யுத்தத்தில் இடம்பெயர்ந்தோரைத் தாம் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் செய்து, அவற்றோடு தம் சித்திரங்களையும் இணைத்து, 2011இல் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்னும் நூலாக்கினார். எந்த அறையில் யார் உறங்கினார், கிணறு எத்திசையில் இருந்தது என்பதை வீட்டுக்குரியவரன்றி வேறெவர் வரைய இயலும்? மின்கருவியின் துணையின்றியே பிறந்த இந்நூலை, பங்கேற்புக் கலையின் உத்தம உதாரணமாகக் கருதுகிறேன். கருவி புதியதாயிருப்பதைக் காட்டிலும், துக்கத்துக்கு உரியவரின் கை அதில் முதலாவதாய் இருப்பதே பிரதானம்.

கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி 20 அன்று, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் புகைப்படங்களை ஏந்திப் போராடத் தொடங்கினர். அப்படங்களிலுள்ள முகங்களையும் முகமறியும் கருவி தேடும்படி செய்யலாம். லொசானோ-ஹெம்மர் அப்படைப்பின் மென்பொருளை யாவரும் இலவசமாகப் பெறவும், பிற முகங்களைச் சேர்த்துப் பயன்படுத்தவும் இசைந்திருக்கிறார். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கணினி பயிலும் இளைஞர்கள் இத்தகைய பணியை மேற்கொள்ள முன்வருவாராயின், முதற்கண் உற்றாரிடம் சென்று சம்மதம் கேட்கட்டும். எந்தப் படம், எந்தப் பெயர், எந்தச் சொல் இடம்பெற வேண்டும் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.