தாள், தாளட்டை இறக்குமதி: இந்தியா – இலங்கை ஒப்பீடு

சுங்க வகைப்பாட்டில் தாளும் அட்டையும் 48ஆம் அத்தியாயம். மரக்கூழும் கழிவுத்தாளும் 47. இரு நாடுகளை ஒப்பிடுபவர் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். இந்திய ஆலைகள் பழைய அட்டைப் பெட்டிகளைப் பெருமளவில் வெளிநாட்டிலிருந்து வாங்கி, கூழாக்கித் தாள் செய்கின்றன. அந்தச் சுமை 48இன் கணக்கில் ஏறுவதில்லை.

இந்தியாவில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் செய்தித்தாள் காகிதத்துக்குப் பங்கீடு இருந்தது. நாளிதழ்களுக்குப் பத்துப் பக்க வரம்பு விதித்த கொள்கையை 1972இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பிறகு கரூர் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்தே செய்தித்தாள் காகிதம் உருவானது. 2019இல் இக்காகிதத்துக்கு விதித்த 10% இறக்குமதி வரி மறு ஆண்டே 5% ஆனது. 2022 அக்டோபர் முதல் பலவகைத் தாள்களின் இறக்குமதிக்கு முன்பதிவு கட்டாயம்.

இலங்கையின் கதை வேறு. 1950களில் தொடங்கிய, மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலைக் கூழாக்கியது. வயல் சூழ்ந்த மட்டக்களப்புக்குப் பொருத்தமான யோசனைதான். 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் மலிவான வெளிநாட்டுத் தாள் குவிய, உள்நாட்டு உற்பத்தி தேய்ந்தது. 2022 மார்ச்சில் டாலர் தீர்ந்தபோது மேல் மாகாணப் பள்ளிகளின் தவணைப் பரீட்சைகள் வினாத்தாள் அச்சிடக் காகிதமின்றித் தள்ளிப்போயின. அவ்வாண்டின் இறக்குமதிச் சரிவைத் தேவை குறைந்ததாகப் படித்தால் பிழை.